மேல்வரிசை மட்டும் வெள்ளை

மார்ச் 10

மகள் இமானிக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூக்கொழுகல் நிற்கவில்லை. மழையும் நிற்கவில்லை.

இன்று மங்காவின் கிச்சன் பார்ட்டி. கல்யாணப் பெண்ணுக்குப் பானையும் தட்டும் புத்திமதியும் கொடுத்து அனுப்பும் பெண்கள் விருந்து. வெள்ளைக் கூடாரம், வெள்ளை நாற்காலி, எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் துணி. எல்லாம் முடிகிற நேரத்தில் என் அருமை நாத்தனார் மங்கா மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் எனக்குக் குடுத்தீங்க. நான் ஒருத்தருக்காவது குடுக்க வேண்டாமா? எங்க அண்ணி எங்க? மேடைக்கு வாங்க அண்ணி!"

போனேன். பாசமாக ஏதோ தரப்போகிறாள் என்றுதான் போனேன், முட்டாள். ரிப்பன் கட்டிய பெட்டி. அவள் போனில் விற்கிறாளே, பல் வெளுக்கும் ஜெல், அது. என் பழுப்புப் பல்லுக்கு.

"என் கல்யாண ஃபோட்டோ எல்லாமே வெள்ளையா வரணும் அண்ணி. இதைத் தடவுங்க. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டே சிரிங்க, சரியா?"

கூடாரமே சிரித்தது. அவள் அம்மா, என் அத்தை, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு. அவள் சொன்னபடியே! இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளை அல்ல, அந்தச் சிரிப்பை. இல்லை, அவளையும்தான்.

வீட்டுக்கு வந்து என் கணவர் காட்லிசனிடம் சொன்னால் அவருக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா, விடேன்" என்றார்.

மார்ச் 11

பழி வாங்குவேன். மறந்துவிடக் கூடாதென்று எழுதி வைக்கிறேன் — மறக்கிற ஆளா நான்?

மார்ச் 15

அடுத்த மாதம் இருபதாம் தேதி, கல்யாணத்துக்கு முன் மங்காவை வழியனுப்பும் விருந்து. பெண் வீட்டார் வரிசையாக ஆடிக்கொண்டே பரிசோடு வருவோம். கேமரா ஒவ்வொருவர் முகமாக நிற்கும். அந்த முகம் மேடைக்குப் பின்னால் இருக்கிற பெரிய திரையில் விழும். என் முறை வரும்போது வாய் நிறையச் சிரிக்க வேண்டும். வெள்ளையாக. அவள் அதை நிமிர்ந்து பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

கல்லூரியில் கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் கேட்பார்கள்: "நீ புகையிலை போடுவியா?" சஃபாரி கம்பெனியில் வேலை கிடைத்தபோது முன் மேஜையில் உட்காரவைத்தார்கள், பத்து நாளில் தொலைபேசிக்கு மாற்றிவிட்டார்கள். தொலைபேசிக்குப் பல் தெரியாது. இந்த அருஷாவில் என்னைப் போல் பழுப்புப் பல்லோடு பாதிப் பேர் இருக்கிறோம். இருந்தாலும் மோஷியிலிருந்து வந்த மங்காவுக்கு நாங்கள் பல் தேய்க்காத ஜனம்.

நாலு நாளாகத் தேய்க்கிறேன். கரித்தூள். பிறகு எலுமிச்சம்பழச் சாறு. நேற்று அம்மா ஊரிலிருந்து அனுப்பிய மகாடி உப்பு — பீன்ஸ் சீக்கிரம் வேகப் போடுகிறோமே, அதைப் பொடித்து வைத்துத் தேய்த்தேன். பாத்திரத்தின் கறையெல்லாம் அதில் போகிறது, பல் கறை போகாதா? ஈறுதான் போயிற்று. இமானி பார்த்துவிட்டு, "அம்மா வாய்ல ரத்தம்!" என்று வீட்டையே கூட்டிவிட்டாள்.

மார்ச் 18

அவள் கொடுத்த பெட்டியைத் திறந்துவிட்டேன். ஆமாம், திறந்தேன்! அவள் ஆயுதத்தாலேயே அவளை அடிக்கலாம் என்றொரு கணக்கு.

உள்ளே ரப்பர் அச்சு ஒன்று. எந்த வாய்க்கும் பொருந்துமாம். என் வாய்க்குப் பொருந்தவில்லை. ஜெல் வழிந்து ஈறெல்லாம் வெந்த தோல்போல் வெளுத்துவிட்டது. காலையில் கண்ணாடி முன் போய் நின்றேன். பழுப்பு அப்படியே இருக்கிறது. அதன் மேல் அங்கங்கே சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு. முன்பாவது ஒரே நிறமாக இருந்தது.

டீ குடித்தால் மண்டை வரைக்கும் கூசுகிறது. அழுதேன். அழும்போதும் வாயை மூடிக்கொண்டுதான் அழுகிறேன் என்று பாதியில் தெரிந்தது.

மார்ச் 21

பல் டாக்டரிடம் போய்வந்தேன். டாக்டர் உரியோ. அவரும் எங்கள் பக்கம்தான், மேரு மலைக்குப் பின்பக்கம். வாயைத் திற என்பதற்கு முன் அவரே சிரித்துக் காட்டினார். மேல்வரிசை வெள்ளை. கீழ்வரிசை என்னுடையதைப் போலவே பழுப்பு.

"பயந்துட்டியா? மேல இருக்கறது படிப்பு. கீழ இருக்கறது எங்க ஊரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் திறந்தே.

நான் என்னவெல்லாம் தேய்த்தேன் என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கறை மேல ஒட்டியிருந்தாத்தானே தேய்க்க? பல்லு உள்ள முளைக்கும்போதே தண்ணியில இருக்கற ஃபுளோரைடு புகுந்து நின்னுடுச்சு. அது பல்லோட நிறம் இப்போ. சுவத்துல பூசின சாயமில்ல, செங்கல்லோட சாயம்."

மூன்று வழி சொன்னார். ஒன்று, மேல் தோலை ஒரு நூலளவு அமிலப் பசை வைத்துத் தேய்த்தெடுப்பது. அது இங்கே நாற்காலியில்தான். வீட்டில் செய்தால் பல் போய்விடும். அதற்குப் பிறகு வெளுப்பது. அதையும் இங்கேயே கெட்டியான ஜெல் வைத்து ஒரே மூச்சில் செய்யலாம். இல்லை, என் பல்லுக்கே அச்செடுத்துத் தட்டு செய்து, மென்மையான ஜெல்லை வீட்டில் இரவில் போட்டுக்கொண்டு சில வாரம் பொறுக்கலாம். இரண்டுக்கும் மசியாத பல்லின் மேல் மட்டும் மெல்லிய பூச்சு. "முதல் வாரம் திட்டு இன்னும் தூக்கலாத் தெரியும். அப்ப ஓடிடாதே. அப்புறம் சமமாகும். பளிங்கு மாதிரி வராது, இப்பவே சொல்லிட்டேன்."

கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாயா என்று கேட்டார். இல்லை, மகளுக்கு மூன்றரை வயது என்றேன். அதோடு என் பல்லை விட்டுவிட்டார்.

"உன் பொண்ணு என்ன தண்ணி குடிக்கறா?"

கடையில் வாங்கும் கேன் தண்ணீர், பிறந்ததிலிருந்தே, ஒரு வாய்கூட வேறு கொடுத்ததில்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"மக்காண்டே செய்வியா? சோளமும் பீன்ஸும் எதைப் போட்டு வேகவைப்பே?"

மகாடி.

"அதுலயும் அதேதான் இருக்கு" என்றார்.

மார்ச் 22

மகாடி மூட்டையைக் குப்பையில் கொட்டினேன். இமானி தூங்கும்போது உதட்டை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பால்பல் வெள்ளைதான். ஆனால் நிலைப்பல் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறதாம். அதை எந்த டார்ச்சாலும் பார்க்க முடியாது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "அதுலதானடி நாமெல்லாம் வேகவச்சுத் தின்னு வளந்தோம்?" என்றாள்.

"ஆமாம்மா. அதான்."

மார்ச் 30

முதல் வேலை முடிந்தது. ஈறைச் சுற்றி ரப்பர்த் துணி கட்டி, பசை வைத்துச் சுழலும் கட்டையால் தேய்த்தார்கள். மணல் வாசனை. பிறகு அச்சு — வாய் நிறைய ஆறிப்போன உகாலிக் களியை அடைத்த மாதிரி இருந்தது. தட்டு கண்ணாடிபோல் மெல்லிசு. ஒரு பல்லுக்குக் கடுகளவு ஜெல் போதும், வழிந்தால் துடைத்துவிடு என்றார். மேல்வரிசைக்கு மட்டும்தான் செய்யச் சொன்னேன். திரையில் மேல்வரிசைதான் தெரியும்.

டீ, காபி, பீட்ரூட் கூடாது. வெள்ளைச் சாப்பாடாகச் சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 12

திட்டெல்லாம் கரைகிறது. காலையில் காட்லிசன் பார்த்துவிட்டு, "யாரும்மா நீ? என் பொண்டாட்டி எங்கே?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு நீயும்தானே சிரித்தாய்.

ஏப்ரல் 20

எழுதவே கை வரவில்லை.

என் முறை வந்தது. துணிக்கட்டைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டே போனேன். கேமரா முகத்துக்கு வந்தது. சிரித்தேன். திரும்பித் திரையைப் பார்த்தேன் — நான்தான், கூரை உயரத்துக்கு, பல்லெல்லாம் வெள்ளையாக. பின்வரிசைப் பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு நிமிடம் எல்லாம் தீர்ந்துவிட்டது போலிருந்தது.

மங்கா எழுந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மைக்கை வாங்கினாள்.

"பாத்தீங்களா எங்க அண்ணிய! நான் குடுத்த ஜெல்லு! வேணும்கறவங்க நம்பரைக் குறிச்சுக்குங்க!"

ஏப்ரல் 21

இன்று அவள் விற்பனைக் குழுவில் இரண்டு படம் போட்டிருக்கிறாள். 'முன்பு — பின்பு.' பின்பு, நேற்றுத் திரையில் வந்தது. முன்பு, என் கல்யாணப் படம். வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான் என் பல்லை மறந்து சிரித்தேன். அதை வெட்டி வாயை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருக்கிறாள்.

எடு என்றேன்.

"முகமே இல்லையே அண்ணி, யாருக்குத் தெரியப்போகுது? அடடா, உங்களுக்கு ஒரு பெட்டி இலவசமா அனுப்பறேன், போதுமா?"

காட்லிசன், "கல்யாணம் முடிஞ்சா அவ புருஷன் வீட்டுக்குப் போயிடுவா. குடும்பத்துக்குள்ள எதுக்கு?" என்கிறார். குடும்பத்துக்குள்ளே! என் வாய் இப்போது ஊர் ஊராகப் போனில் போய்க்கொண்டிருக்கிறது.

சரி. பொறுத்திருக்கிறேன்.

ஜூன் 17

மங்காவின் கணவன் தார் எஸ் ஸலாம்காரன். மலிவாகக் கிடைக்கிறது என்று நிலம் வாங்கித் தக்காளி போட்டிருக்கிறான். எங்கே? மலைக்குப் பின்பக்கம். என் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். இன்று போய்ப் பார்த்தோம்.

மங்காவுக்கு ஒரே குதூகலம். "அண்ணி, இங்க கூலிக்கு வர்றவங்க, கடைக்காரன், பாஸ்டரு, எல்லாருக்கும் பழுப்புப் பல்லு! ஊரே எனக்கு வாடிக்கை. கேட்டா தண்ணியாலயாம். பல்லு தேய்க்காம தண்ணிமேல பழி போடறாங்க."

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"போர் போட்டோம். கண்ணாடி மாதிரி வருது. இந்தாங்க, குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். எனக்கு இனி என்ன? இனிப்பாக இருந்தது, சின்ன வயதில் இருந்ததைப் போலவே. இமானிக்கு மட்டும் என் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4

மங்கா கர்ப்பம். செய்தி கேட்டதும் முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

எழுதுகிறேன். தண்ணீர்.

பிப்ரவரி 2

ஆண் குழந்தை. கொழுகொழுவென்று இருக்கிறான். பெயர் அபெல். வாழைக்காயும் எலும்பும் போட்ட சூப் ஒரு பானை பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை அங்கேதான் இருக்கிறார், மகளைக் கவனித்துக்கொள்ள.

மங்காவுக்குப் பால் பத்தவில்லை. டப்பாப் பால்தான். அடுக்களையில் அத்தை போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பாட்டிலில் ஊற்றினார். "நல்லாக் கொதிக்கவிட்டாப் போதும், எந்தக் கிருமியும் இருக்காது" என்று என்னிடமே சொன்னார். கொதிக்கவைத்தால் கிருமி போகும். இது போகாது. கொதிக்கக் கொதிக்க இன்னும் இறுகும்.

பாட்டிலை வாங்கி நானே அவன் வாயில் வைத்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

யோசித்துப் பார்த்தால் இதைவிடச் சுலபமான பழி உலகத்தில் இல்லை. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். ஆறேழு வருடம் கழித்து ஒரு நாள் அவன் சிரிப்பான். அப்போது நான் ஒரு பெட்டிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டு போவேன்.

மார்ச் 12

சொன்னால் மட்டும் நம்பிவிடுவாளா? ஊரே சொல்லியும் நம்பாதவள்.

— அப்படியானால் சொல்லிப் பார்ப்பதில் உனக்கென்ன நஷ்டம்?

நஷ்டம்தான். நம்பிவிட்டால்?

ஏப்ரல் 8

வருடத்துக்கொரு முறை வெளுப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று டாக்டர் உரியோ வரச் சொல்லியிருந்தார். பல் நன்றாக இருக்கிறதாம். கீழ்வரிசையையும் செய்யலாமா என்றார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். கிளம்பும்போது வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: டப்பாப் பாலை அந்தத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்?

"யாரு குழந்தைக்கு?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா போய்ச் சொல்லு. எங்கிட்ட என்ன கேக்கறே? முதல் சில வருஷம்தான் எல்லாம். எவ்வளவு சீக்கிரம் நிறுத்தறாங்களோ அவ்வளவு தப்பிக்கும்."

டாலாடாலா வேனில் வரும் வழியெல்லாம் மங்காவின் எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அதே குழு. அதே படம். என் வாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மே 26

அபெலின் ஞானஸ்நானம் பற்றிப் பேச எல்லோரும் பண்ணைக்குப் போயிருந்தோம். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே இமானி ஓடி ஓடி விளையாடினாள். வியர்த்துப் போய் வந்து நின்றாள். மங்கா ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள்.

இமானி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு வேணாம் அத்தே. இது பல்லைக் கெடுக்கிற தண்ணி."

"யாருடி சொன்னா?"

"அம்மாதான். குடிச்சா அம்மா பல்லு மாதிரி ஆயிடும். டாக்டர் சொன்னாங்க. அதான் எனக்கு வேற பாட்டில்." இமானி திரும்பித் தொட்டிலைப் பார்த்தாள். "பாப்பாக்கு மட்டும் ஏன் இதைக் குடுக்கறீங்க?"

அத்தை கையிலிருந்த பால் பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்தார். மங்கா என் பையைப் பார்த்தாள். அதில் நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"ஊர்க்காரங்க சொன்னது நெஜமா அண்ணி?"

"ம்."

"எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?"

பதிலையும் அவளே சொன்னாள். "அன்னிக்கே தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டீங்க. இமானிக்குப் பையிலேருந்து குடுத்தீங்க. அவன் பொறந்தப்போ வந்து, உங்க கையாலேயே... உங்க கையாலேயே அண்ணி!"

"நீ என் வாயை ஊருக்கெல்லாம் அனுப்பினியே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "மேடையில நிக்கவச்சுச் சிரிச்சியே! சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பியா?"

"நம்பியிருப்பேன்" என்றாள். அழவில்லை. "அவங்க சொல்லி நம்பலதான். நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். என்னைத் திட்டிட்டாவது சொல்லியிருக்கலாமே. ரெண்டு அறை விட்டுட்டுச் சொல்லியிருக்கலாமே. நான் பேசினது உங்ககிட்ட. அவன் என்ன பேசினான்?"

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது காட்லிசன், "நான் சிரிச்சதுக்கு எனக்கு என்ன வச்சிருக்கே?" என்று கேட்டார்.

மே 27

தூங்கவில்லை. அவள் செய்தது தப்பில்லை என்று யாராவது சொன்னால் இன்றும் கடித்துக் குதறுவேன். ஆனால் கண்ணை மூடினால் அவள் முகம் வரவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு குடித்தானே, அதுதான் வருகிறது.

மே 28

கம்பெனிக்கு விடுப்புச் சொன்னேன். வண்டி நிறையக் கேன் தண்ணீரும், ஃபுளோரைடை இழுத்துக்கொள்ளும் எலும்புக் கரி போட்ட வடிகட்டி வாளி ஒன்றும். நானே ஓட்டிக்கொண்டு போனேன். மங்கா வெளியே வரவில்லை. அத்தைதான் வந்து வாங்கினார். கரியை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சமையலுக்கும் இதே தண்ணியா?"

"சமையலுக்கும். மகாடியும் வேண்டாம்."

கதவு சாத்திக்கொண்டது.

ஜூன் 9

அந்தப் படத்தை எடுத்துவிட்டிருக்கிறாள். குழுவையே கலைத்துவிட்டாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 30

மங்கா டாக்டர் உரியோவிடம் அபெலைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னோடு அல்ல, காட்லிசனோடு. இவ்வளவு சீக்கிரம் நிறுத்தியதால் பெரும்பாலும் தப்பித்துவிடுவான் என்றாராம். "பெரும்பாலும்னா?" என்று கேட்டாளாம். நிலைப்பல் முளைத்தால்தான் சொல்ல முடியும் என்றாராம்.

ஜூலை 21

இன்று ஞானஸ்நானம். குளிர், ஆனால் வெயில் அடித்தது. படம் எடுப்பவர் குடும்பத்தை நிற்கவைத்தபோது நான் வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் போனேன்.

"அண்ணி, முன்னாடி வாங்க" என்றாள் மங்கா. என் முகத்தைப் பார்க்காமல். போனேன். அவள் பக்கத்தில் நின்றேன்.

சாயங்காலம் படம் போனில் வந்தது. வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. நான் சிரித்திருக்கிறேன். மேலே வெள்ளை, கீழே பழுப்பு, இரண்டும் தெரிகிறது. இமானி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அபெல் வாயைப் பிளந்திருக்கிறான். கீழ் ஈறில் அரிசி நுனி போல ஒரு பால்பல் எட்டிப் பார்க்கிறது. வரிசையில் சிரிக்காதவள் மங்கா மட்டும்தான். உதட்டை இறுக்க மூடியிருக்கிறாள். கேமராவைக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் கேட்டது இதைத்தானே. அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஒரு படம்.

நாளைக்குக் கேன் நிரப்ப வேண்டும். மழை வந்து கூரைத் தண்ணீர் பிடிக்கும்வரை வாரம் ஒரு முறை நானே கொண்டுபோகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.